நைட் டூட்டிக்கு ரெண்டே பேரா? தலையை எண்ணாதீர்கள், வேலையை எண்ணுங்கள்

பெரம்பூர், கொளத்தூர், திருவொற்றியூர் பக்கம் வீட்டையே கொஞ்சம் இடித்துக் கட்டி நடத்துகிற முதியோர் இல்லங்களில் டூட்டி பார்க்கும் சிஸ்டர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆள் பத்தவில்லை என்று போய் நின்றால் ஓனர் என்ன சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும்: "இருபத்திநாலு பேருக்கு ராத்திரி ரெண்டு பேர் இருக்கீங்களேம்மா, எல்லாரும் தூங்கத்தானே போறாங்க?" அவர் தலைக்கணக்கில் பேசுகிறார், நாமும் தலைக்கணக்கிலேயே பதில் சொல்லித் தோற்றுப்போய்த் திரும்புகிறோம்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் ஆறு விஷயம் எழுதுங்கள்: குளிப்பது, உடுத்துவது, பாத்ரூம் போய் வருவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, கையால் எடுத்துச் சாப்பிடுவது. தானாகச் செய்தால் 1, ஆள் வேண்டுமென்றால் 0. 1963இல் காட்ஸ் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் கொடுத்த அளவுகோல்தான் இது, நர்சிங் படிக்கும்போது பார்த்திருப்பீர்கள். ஆறுக்கு ஆறு வாங்குகிறவர் காலையில் பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்பார், அவ்வளவுதான் வேலை. பூஜ்யமும் ஒன்றும் வாங்குகிறவர்களிடம்தான் உங்கள் ராத்திரி போகிறது.

இப்போது நேரத்தைப் போடுங்கள். 24 பேரில் 7 பேர் படுத்த படுக்கை என்று வைத்துக்கொள்வோம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், அப்படியானால் இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணி வரை ஒருவருக்கு 6 முறை, ஏழு பேருக்கு 42 முறை. டயப்பர் பார்த்து, துடைத்து, முதுகும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, முழங்காலுக்கு இடையில் தலையணை வைக்க 10 நிமிடம் ஆகும். மொத்தம் 420 நிமிடம், அதாவது 7 மணி நேரம். இதை ஒற்றை ஆளாகச் செய்தால் இடுப்பு போய்விடும், ஷீட்டோடு சேர்த்து இரண்டு பேர்தான் இழுக்க வேண்டும். ஆக பன்னிரண்டு மணி நேரத்தில் ஏழு மணி நேரம் இரண்டு பேருமே ஏதோ ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், மற்ற 17 பேருக்கு அப்போது யாருமே இல்லை. இந்த ஒரு வரியைத்தான் ஓனரிடம் சொல்ல வேண்டும்.

அந்த ஆறு விஷயக் கணக்கில் மாட்டாத ஆட்களும் உண்டு. எல்லாவற்றையும் தானே செய்துகொள்கிற தாத்தா, ஞாபகம் தப்பிப்போய் ராத்திரி இரண்டு மணிக்கு "மில்லுக்கு நேரமாச்சு" என்று சட்டை போட்டுக்கொண்டு கேட் பக்கம் நடப்பார். பின்னி மில் மூடி எத்தனையோ வருஷமாகிறது, அவருக்கு ஷிஃப்ட் இன்னும் முடியவில்லை. அப்படிப்பட்டவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் தனியாகக் குறியுங்கள்.

சரி, இன்றைக்கே ஒரு ஆள் வரவில்லை என்றால்? எதை விடலாம் என்பதைப் பகலிலேயே பேசி முடிவு செய்து எழுதி ஒட்டிவிடுங்கள், நடுராத்திரியில் யோசிக்க முடியாது. பகல் டூட்டிக்குச் சுமை குறையட்டும் என்று நாலு மணிக்கே எழுப்பிக் குளிப்பாட்டுவதை விடலாம் (என்னைக் கேட்டால் எப்போதுமே விடலாம், வயதானவர்களைக் குளிரில் எழுப்பி என்ன சாதிக்கிறோம்?). துணி மடிப்பது, காலை சமையலுக்குக் காய் நறுக்கித் தருவது, இதெல்லாம் போகட்டும். திருப்பிப் போடுவது, விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு உட்கார வைத்து நிதானமாக ஊட்டுவது, இன்சுலின், இவற்றில் கை வைக்காதீர்கள். மாத்திரையையும் ஊசியையும் ஆயாம்மாவிடம் தள்ளிவிடவும் கூடாது.

ஆள் குறைந்த நாளில் முதலில் தடுமாறுவது இன்சுலின்தான். ஏழு மணிக்கு ஊசி போட்டாயிற்று, இட்லி வர எட்டரை ஆயிற்று என்றால் சுகர் இறங்கிவிடும், அதனால் தட்டு கண்ணில் பட்ட பிறகே ஊசியை எடுங்கள். சுகர் 70க்குக் கீழே போய், ஆள் நினைவோடு விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108. டபுள் டூட்டி பார்க்கிறவர் ஏற்றும் மருந்தின் அளவை இன்னொருவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் ஓனரிடம் பேசுவது. ஒரு மாதம் எழுதிவிட்டுப் போங்கள்: எத்தனை பேர் டூட்டியில், எத்தனை முறை திருப்ப முடியாமல் போனது, யார் எந்த மணிக்கு விழுந்தார். எங்கள் இல்லத்தில் எழுதிப் பார்த்தபோது விழுவதெல்லாம் பெரும்பாலும் காலை ஐந்திலிருந்து ஏழுக்குள், எல்லோரும் ஒரே நேரத்தில் பாத்ரூமுக்கு எழுகிற நேரத்தில். அதனால் முழு நேர சிஸ்டர் வேண்டும் என்று கேட்காமல், ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை மட்டும் வர பக்கத்துத் தெரு அம்மா ஒருவரைக் கேட்டோம், ஓனரிடமிருந்து உடனே சம்மதம் கிடைத்தது. அமெரிக்காவில் 2024இல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பு என்று விதி போட்டார்கள், நம் 24 பேருக்குக் கணக்கிட்டால் 12 மணி நேர ஷிஃப்டில் பகலும் இரவும் சேர்த்து 7 பேர் வரும். இல்லங்கள் கோர்ட்டுக்குப் போய் 2025இல் அதை ரத்து செய்ய வைத்தன, ஆகவே அந்த எண்ணைக் காட்டி மிரட்ட முடியாது, ஆனால் அங்கேயும் நேரத்தைத்தான் எண்ணினார்கள் என்பதைச் சொல்லலாம்.

மழைக்காலத்துக்குத் தனி ரோஸ்டர் (டூட்டி பட்டியல்) வேண்டும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடி பக்கத்திலிருந்து வருகிறவர் வந்து சேர மாட்டார், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பார்த்தோமே. எச்சரிக்கை வந்தவுடனேயே நடந்து வரும் தூரத்தில் இருக்கிறவர்களைப் போட்டு, அவர்கள் தங்க இடமும் சாப்பாடும் சம்பளமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கரன்ட் போனால் ஆல்ஃபா பெட்டின் (படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தை) பம்ப் நின்று காற்று இறங்கிவிடும், அதில் படுத்திருப்பவரையும் அன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பும் லிஸ்டில் சேர்க்க வேண்டும். இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைத்தால் நடுவில் துணி சுற்றுங்கள், உறைந்துவிட்டால் அந்த பாட்டிலை உபயோகிக்கவே கூடாது.