சுறாவின் இரத்தமும் கடல்நீரும்: விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலில் வாழும் சுறாவின் இரத்தத்தில் சவ்வூடு அழுத்தம் (கரைந்த பொருள்களால் நீரை ஈர்க்கும் திறன்) கடல்நீருக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கிறது என்று படித்தவுடன், உப்பும் இரண்டிலும் ஒரே அளவுதான் என்று முடிவுகட்டிவிடுவதே இப்பாடத்தில் மிகப் பரவலான தவறு. கடல்நீரில் சோடியம் லிட்டருக்கு ஏறத்தாழ 470 மில்லிமோல். சுறாவின் இரத்தத்திலோ 250 முதல் 290 வரைதான். குளோரைடும் இதேபோலக் குறைவு. இவ்விரண்டாலும் எழும் இடைவெளியை 350 மில்லிமோல் அளவிலான யூரியாவும், 70 மில்லிமோல் அளவிலான டிரைமெத்திலமின் ஆக்சைடு என்ற சிறு நைட்ரஜன் சேர்மமும் நிரப்புகின்றன. இதனால் நீர் செவுள் வழியே மெல்ல உள்ளே வருகிறது. எலும்பு மீன்களைப் போலக் கடல்நீரைத் தொடர்ந்து குடிக்கும் தேவை சுறாவுக்கு இல்லை. ஆனால் உப்பும் கூடவே உள்ளே வருகிறது என்பதை மறந்துவிட்டால் அடுத்த கட்டம் எதுவும் புரியாது.

உள்ளே வரும் அந்த உப்பை வெளியேற்றுவதில் மலக்குடல் சுரப்பிக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை 1960இல் முள் நாய்ச்சுறாவில் செய்த ஆய்வு காட்டியது. விரல் போன்ற அச்சிற்றுறுப்பு சுரக்கும் திரவத்தில் சோடியம் குளோரைடு இரத்தத்தில் இருப்பதைப் போல் சுமார் இரு மடங்கு. யூரியாவோ மிகச் சொற்பம். ஆயினும் சுரப்பியை அகற்றினால் சுறா உடனே இறந்துவிடும் என்று எழுதுவது மிகை. சிறுநீரகம் ஓரளவு ஈடுசெய்கிறது.

நமக்கு யூரியா கழிவு என்பதால் சுறாவுக்கும் அது கழிவே என்று கொள்வது மற்றொரு தவறு. கல்லீரலிலும் தசையிலும் அதை உருவாக்கி, சிறுநீரகத்தில் 90 விழுக்காட்டிற்கும் மேல் மீட்டெடுத்து, செவுள் வழியே கசியாமலும் காக்கும் உயிரி அதைக் கழிவாகவா நடத்துகிறது? அதற்கான நைட்ரஜன் உணவுப் புரதத்திலிருந்து வருவதால், நெடுநாள் பட்டினி கிடக்கும் சுறாவில் யூரியாவின் அளவு சரிகிறது.

தசையைப் பற்றி எழுதும்போது இரத்தத்தின் எண்களை அப்படியே எடுத்தாளக் கூடாது. தசைச் செல்லுக்குள் சோடியமும் குளோரைடும் குறைவு, பொட்டாசியம் மிகுதி. யூரியா கிட்டத்தட்ட இரத்த அளவிலேயே இருக்க, டிரைமெத்திலமின் ஆக்சைடு மட்டும் இரு மடங்கிற்கும் மேல் இருக்கிறது. இவ்வளவு யூரியா புரதங்களின் மடிப்பைக் குலைக்கும். அக்குலைவை எதிர்ப்பது இச்சேர்மமே. தசையில் யூரியாவும் இச்சேர்மமும் 2:1 என்ற விகிதத்தில் இருக்கும் என்பது பயனுள்ள கணக்கு, மாறா விதியன்று: ஆழ்கடல் இனங்களில் யூரியா குறைந்து மற்றது கூடுகிறது.

ஆற்றில் ஏறும் காளைச்சுறா யூரியாவைக் குறைத்துக்கொள்கிறதே தவிர முற்றாகக் கைவிடுவதில்லை. தென் அமெரிக்க நன்னீர்த் திருக்கைகளிலோ அது மிகச் சொற்பமாகவே உள்ளது. ஆகவே "எல்லாச் சுறாக்களும் திருக்கைகளும்" என்று தொடங்கும் வாக்கியத்தை எழுதுமுன் தயங்க வேண்டும்.

ஆய்வகத்தில் இத்தகைய தவறு உடனே வெளிப்பட்டுவிடும். கடற்சுறாவின் இதயத் திசுவைப் பிற விலங்குகளுக்கான சாதாரண உப்புக்கரைசலில் இட்டால் செல்கள் நீரை இழுத்து வீங்கும். அதற்கென்று தயாரிக்கும் கரைசலில் உப்புகளோடு யூரியாவையும் அளந்து சேர்க்கிறார்கள்.