பழைய பயணக் கப்பல் இப்போது எங்கே? கண்டறியும் முறை

ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் ஏற்றுமதிப் பிரிவில் பணியாற்றுவோர், சென்னைத் துறைமுகத்தில் ஏற்றிய சரக்கைக் கன்டெய்னர் எண்ணைக் கொண்டே பின்தொடர்வார்கள். வேலூரில் அமர்ந்தபடி பழைய பயணக் கப்பலைத் தேடவும் அதே வழக்கம் போதும். பெயரை நம்பாமல் எண்ணைப் பிடிக்க வேண்டும்.

முதலில் கப்பலின் ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண்ணைக் கண்டறியுங்கள். ஏழு இலக்கங்கள் கொண்ட இந்த எண், பெயரும் கொடியும் உரிமையாளரும் எத்தனை முறை மாறினாலும் கப்பலின் ஆயுள் முழுவதும் மாறாது. 1948-இல் ஸ்டாக்ஹோம் என்ற பெயரில் பணிக்கு வந்து, 1956-இல் ஆண்ட்ரியா டோரியா என்ற இத்தாலியப் பயணக் கப்பலுடன் மோதிய கப்பலே பிற்காலத்தில் இத்தாலியா பிரிமா, ஏதீனா, அசோர்ஸ், அஸ்டோரியா என்றெல்லாம் அழைக்கப்பட்டது. அதன் எண் 5383304.

எண் சரிதானா என்பதை நீங்களே சோதிக்கலாம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். இங்கே 35, 18, 40, 12, 9, 0 சேர்ந்து 114 வருகிறது. கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமான 4, கப்பல் எண்ணின் கடைசி இலக்கத்தோடு ஒத்துப்போவதால் எண் சரி. பழைய ஆவணங்களிலிருந்து எழுதி எடுக்கும்போது இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்து, கப்பல்களின் இருப்பிடத்தை வரைபடத்தில் காட்டும் மரைன்டிராஃபிக் அல்லது வெசல்ஃபைண்டர் இணையதளத்தின் தேடல் பெட்டியில் அந்த எண்ணை இடுங்கள். வரைபடத்தில் தெரியும் புள்ளியைவிட, அதனருகே உள்ள "கடைசியாகக் கிடைத்த நேரம்" முக்கியமானது. கப்பலின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் தானாக அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி அனுப்பும் சமிக்ஞையைக் கரையோர நிலையங்கள் சில பத்துக் கடல் மைல் தொலைவு வரைதான் பெறும். நடுக்கடலில் செயற்கைக்கோள் தரவு தேவைப்படும், அதற்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. நீண்டகாலம் துறைமுகத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட பழைய கப்பலில் கருவியே அணைக்கப்பட்டிருக்கலாம். ஆகவே பல மாதங்களுக்கு முந்தைய புள்ளியை இன்றைய இருப்பிடமாகக் கொள்ளாதீர்கள். நேரம் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) இருந்தால் இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். சேருமிடம் மாலுமிகள் கையால் பதிவது என்பதால் அது பழையதாகவும் இருக்கக்கூடும்.

உரிமையாளர், கொடி, மொத்தக் கொள்ளளவு, கட்டிய ஆண்டு ஆகியவற்றுக்கு கப்பல் விவரங்களைத் தொகுத்துத் தரும் ஈக்வாசிஸ் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து, அதே எண்ணால் தேடுங்கள். கப்பலின் நிலை "உடைக்கப்பட்டது" என்றிருந்தால் வரைபடத்தில் தேடுவதை நிறுத்திவிடலாம். அஸ்டோரியாவும் 2025-இல் உடைப்பதற்காக பெல்ஜியத்தின் கென்ட் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது.