ஆப்டோமெட்ரிஸ்ட் ஆக: எதைப் படிப்பது, எங்கே கை பழகுவது

கண் மருத்துவர் ஆக எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பும் படிக்க வேண்டும். ஆப்டோமெட்ரிஸ்ட் ஆக அது தேவையில்லை; பிளஸ் டூ முடித்ததும் நேரே பி.ஆப்டம் என்ற ஆப்டோமெட்ரி பட்டப்படிப்பில் சேரலாம். கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது, கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, நோய்க்குறி தெரிந்தால் கண் மருத்துவரிடம் அனுப்புவது இவர்கள் வேலை. அறுவை சிகிச்சை செய்வதில்லை.

பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். கூடவே உயிரியலா, கணிதமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விண்ணப்பம் போடுமுன் அந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பாருங்கள். படிப்பு பொதுவாக 4 ஆண்டு, அதில் கடைசி ஆண்டு இன்டர்ன்ஷிப். 2 ஆண்டு டிப்ளமோவும் இதுவும் ஒன்றென்று நினைத்துச் சேர்ந்துவிடாதீர்கள். மேற்படிப்பான எம்.ஆப்டம் படிக்கப் பட்டம் வேண்டும்.

முதலாண்டில் பலர் தடுமாறுவது ஒளியியலில். 'பயாலஜி படிப்புதானே' என்று வருபவர்களுக்கு லென்ஸ் கணக்கு மலைப்பாக இருக்கும். பிளஸ் டூ பாடத்தின் ஒளியியல் பகுதியை விடுமுறையிலேயே திருப்பிப் படித்துவிடுங்கள்.

ஆனால் இந்தத் தொழிலின் உயிர் ரெட்டினாஸ்கோபி, அதாவது ஒளிக்கருவியால் கண்ணின் பவரை அளப்பது. கண்ணுக்குள் ஒளிக்கீற்றை ஆட்டி, எதிரொளி கீற்றோடு சேர்ந்து நகர்ந்தால் பிளஸ், எதிர்த்து நகர்ந்தால் மைனஸ் லென்ஸ் வைத்து, அசைவு நிற்கும்வரை மாற்ற வேண்டும். நோயாளியின் கண்ணிலிருந்து 66 செ.மீ. தூரத்தில் பார்த்தால், கிடைத்த லென்ஸ் பவரில் 1.50 டயாப்டர் (பவரின் அலகு) கழிக்க வேண்டும், 50 செ.மீ. என்றால் 2.00. தன்னை அறியாமல் முன்னே சாய்ந்து 50-க்கு வந்துவிட்டு 1.50 மட்டுமே கழிப்பது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அரை டயாப்டர் பிளஸ் பக்கம் கூடிவிடும். கிட்டப்பார்வைக்காரருக்குக் கண்ணாடி போட்டும் தூரம் மங்கும். கையில் ஒரு கயிற்றை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை விளக்கையே பார்த்தால் கண் குவிந்து மைனஸ் கூடுதலாகத் தெரியும். தூரத்து எழுத்தைப் பார்க்க வையுங்கள். அப்படியும் சந்தேகம் இருந்தால் கண் மருத்துவரின் ஆலோசனைப்படி சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும்.

இது புத்தகத்தில் வராது, நூற்றுக்கணக்கான கண்களைப் பார்த்துத்தான் வரும். அதனால் கல்லூரியைக் கட்டடம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நோயாளிகள் நிறைய வரும் கண் மருத்துவமனையோடு சேர்ந்ததா என்று பாருங்கள். சங்கர நேத்ராலயாவின் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985 முதல் சென்னையில் அப்படித்தான் நடக்கிறது. மூன்றாமாண்டு மாணவர்களிடமே கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை பேரை நீங்களே பரிசோதிக்கிறீர்கள்? வெறுமனே பக்கத்தில் நின்று பார்ப்பதாகச் சொன்னால் வேறு கல்லூரி தேடுங்கள்.

துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் ஆப்டோமெட்ரியும் வருகிறது. படித்த பிறகு பதிவு செய்வதற்கு மதிப்பெண் பட்டியலோடு இன்டர்ன்ஷிப் சான்றிதழையும் பத்திரமாக வைத்திருங்கள்.