கேஷுவாலிட்டி ஆய்வில் மாணவத் தன்னார்வலராகச் சேர்வது எப்படி? டர்பன் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கையோடு கேட்கும் கேள்வி இது: கேஷுவாலிட்டியில், அதாவது மருத்துவமனை அவசரப் பிரிவில் நடக்கும் ஆய்வுகளில் மாணவர்கள் உதவ முடியுமா? முடியும். ஊசி போடுவதோ கட்டுக் கட்டுவதோ இதில் கிடையாது. ஆய்வுக்குப் பொருத்தமான நோயாளி வந்திருக்கிறாரா என்று பார்ப்பது, ஆய்வைப் பற்றி அவருக்குச் சொல்வது, சம்மதித்தால் கேள்வி கேட்டுப் பதிவு செய்வது, இவ்வளவுதான் வேலை. ஆனால் ஓர் ஆய்வு உருப்படுவதும் வீணாவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

டாக்டருக்கு இதற்கெல்லாம் நேரமில்லை, ஆராய்ச்சி நர்ஸ் இருந்தாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார். மாதக் கடைசியில், சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை ராத்திரி வருகிற கூட்டமும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வருகிற கூட்டமும் ஒன்றா? பகலில் வந்தவர்களை மட்டும் வைத்து எழுதிய ஆய்வு பகலைப் பற்றித்தான் சொல்லும். அமெரிக்க மருத்துவமனைகள் 1990களிலேயே கல்லூரி மாணவர்களை முறை வைத்து அவசரப் பிரிவில் உட்கார வைத்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

முதல் படி: ஆய்வைத் தேடுங்கள், அனுமதியைக் கேளுங்கள்

நேராக மருத்துவமனை வாசலில் போய் நிற்காதீர்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் அவசர மருத்துவத் துறைக்கோ, டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அவசர மருத்துவப் பராமரிப்பு, மீட்புத் துறைக்கோ நான்கு வரி எழுதுங்கள். என்ன படிக்கிறீர்கள், எந்த நாட்களில் வர முடியும், ராத்திரி முறைக்கு வருவீர்களா. இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

பதில் வந்தால் ஆய்வு நெறிமுறைக் குழு கொடுத்த அனுமதி எண்ணைக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டப்படி, பதிவு பெற்ற குழுவின் அனுமதி இல்லாமல் மனிதர்களிடம் ஆய்வு நடத்தக் கூடாது. அரசு மருத்துவமனை என்றால் மாகாணச் சுகாதாரத் துறையின் அனுமதியும் வேண்டும். மாணவன் இதைக் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம், நல்ல ஆய்வாளர் சந்தோஷமாகக் காட்டுவார். எண் இல்லை, அப்புறம் வரும் என்றால் அப்புறமே போங்கள்.

இரண்டாம் படி: போவதற்கு முன்

நன்மருத்துவ ஆய்வு நடைமுறைப் (Good Clinical Practice) பயிற்சியை இணையத்தில் இலவசமாகவே முடிக்கலாம், சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும், ஆகவே இன்றே விசாரியுங்கள். நம் ஊரில் காசநோய் அதிகம் என்பதால் என்95 முகக்கவசம் கட்டாயம். யார் எந்த வேலையைச் செய்யலாம் என்ற பொறுப்புப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறிய பிறகுதான் நோயாளியிடம் பேச வேண்டும்.

மூன்றாம் படி: நிறங்களைப் படியுங்கள்

நம் மருத்துவமனைகளில் தென்னாப்பிரிக்க ட்ரையாஜ் அளவுகோல் இருக்கிறது, யாரை எவ்வளவு அவசரமாகப் பார்க்க வேண்டும் என்று நிறத்தால் பிரிப்பது. சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு என்றால் பத்து நிமிடத்துக்குள், மஞ்சள் ஒரு மணி நேரத்துக்குள், பச்சை நான்கு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். சிவப்பு, ஆரஞ்சு நோயாளியிடம் நீங்களாகப் போகவே கூடாது. மஞ்சள், பச்சை என்றாலும் பொறுப்பு சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

நான்காம் படி: ஒப்புதல் கேட்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். பெஞ்சில் ஒரு வயதான ஆயா உட்கார்ந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது, பக்கத்தில் மகள். நீங்கள் படிவத்தை எடுத்ததுமே மகள், "போடும்மா கையெழுத்து, சீக்கிரம் கூப்பிடுவாங்க" என்பார். ஆயாவும் பேனாவைத் தேடுவார். அந்த இடத்தில் படிவத்தை மடக்கிவிடுங்கள். அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து உட்கார்ந்து சொல்லுங்கள்: "ஆயா, நான் டாக்டர் இல்லை, மாணவன். இது ஓர் ஆய்வு. நீங்க வேண்டாம்னு சொன்னாலும் உங்க முறை மாறாது, டாக்டர் அதே மாதிரிதான் பார்ப்பார்." பிறகு ஆய்வை மூன்று நான்கு வாக்கியத்தில் விளக்கிவிட்டு, "நான் சொன்னதை உங்க வார்த்தையில சொல்லுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். கையெழுத்து போட்டால் வரிசை முந்தும் என்றே அவர் திரும்பச் சொன்னால் இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று அர்த்தம். மறுபடி விளக்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இசிசுலு (சுலு மொழி) பேசுபவருக்கு இசிசுலு படிவமும் அந்த மொழி நன்றாகத் தெரிந்தவரும் வேண்டும், சந்தையில் பேசும் அரைகுறை இசிசுலுவை வைத்து ஒப்பேற்றக் கூடாது. வலி தாங்காமல் துடிப்பவர், மார்ஃபின் என்ற வலி மருந்து ஏறியவர், குடித்திருப்பவர், இவர்களிடம் இப்போது கேட்க வேண்டாம். பிள்ளைகள் விஷயத்தில் பலர் குழம்புவார்கள்: 12 வயதான, விவரம் புரிகிற பிள்ளை சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தரலாம், ஆனால் ஆய்வுக்கு 18 வரை பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும், புரிகிற வயது என்றால் பிள்ளையும் சம்மதிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: சேராதவர்களையும் எழுதுங்கள்

ஸ்க்ரீனிங் பதிவேடு என்று ஒன்று தருவார்கள். தகுதி இருந்தும் சேராத ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி: மறுத்தார், மொழி தெரிந்தவர் இல்லை, வார்டுக்குப் போய்விட்டார். சலிப்பான வேலைதான், ஆனால் என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். சிரித்த முகமாக, ஆங்கிலத்தில் பேசுகிற, சுத்தமான உடை போட்டவரிடம் போவது எல்லோருக்கும் சுலபம். மூலையில் ரத்தக்கறையோடு உட்கார்ந்திருப்பவரைத் தாண்டிப் போய்விடுவோம். அப்படித் தாண்டிப் போனவர்கள்தான் பெரும்பாலும் ஏழைகள், அவர்கள் இல்லாத ஆய்வை வைத்து நாளைக்கு அவர்களுக்கே மருந்து எழுதுவார்கள். ஆகவே பதிவேட்டில் இருக்கும் வரிசைப்படியே போங்கள், உங்கள் வசதிப்படி வேண்டாம்.

பெயருக்குப் பதில் ஆய்வு எண்ணை எழுதுங்கள். தேசிய அடையாள எண்ணையும் எழுதாதீர்கள், அதன் 13 இலக்கங்களில் முதல் ஆறே பிறந்த தேதி. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பதிவேட்டைப் படம் எடுத்து அனுப்புவது அவசரத்துக்குக்கூட வேண்டாம். அங்கே பார்த்த பக்கத்து வீட்டு அங்கிளைப் பற்றி அம்மாவிடமும் வாய் திறக்கக் கூடாது.

ஆறாம் படி: முறை முடியும்போது

அங்கே கிடக்கும் ஊசி தெரியாமல் உங்களைக் குத்திவிட்டால் உடனே கழுவிவிட்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. படிவங்களைப் பூட்டி வைத்து, பாதியில் நிற்கும் நோயாளிகள் யார் என்று அடுத்து வருபவரிடம் நேரில் சொல்லுங்கள். ராத்திரி முறைக்குப் போகும் பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்ப வண்டி யாருடையது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள், அது தெரியாமல் முறைக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.