அதே மரத்தடிக்கு மறுபடியும்: குழந்தைகளுக்குக் காட்டுவெளிக் கற்றலை நடத்தும் முறை

குழந்தைகளை ஒருமுறை காட்டுக்குக் கூட்டிப்போய் வந்தால் அது சுற்றுலா. அதே இடத்துக்கு வாரம் ஒருமுறை, குறைந்தது ஐந்தாறு மாதம் போனால்தான் அது கற்றல். முதல் சில வாரங்கள் பழகுவதிலேயே கழியும்: சிலர் ஓயாமல் ஓடுவார்கள், சிலர் பெரியவரின் கையை விடமாட்டார்கள். கூச்சமுள்ள குழந்தை தானாக ஒரு கிளையை இழுத்துவந்து, இன்னொருவரைத் துணைக்குக் கூப்பிடுவது அதற்குப் பிறகுதான். ஆகவே புதுப்புது இடங்களைத் தேடி அலையாதீர்கள்.

போகும் முன்

இடத்தின் உரிமையாளரிடம் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் குழந்தைகள் வருமுன் ஒரு பெரியவர் இடத்தைச் சுற்றிவர வேண்டும். முதலில் அண்ணாந்து பாருங்கள்: காய்ந்து தொங்கும் கிளைகள், குளவிக்கூடு. அடுத்து குழந்தையின் கண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிகள், முட்கள். கடைசியாகத் தரை: கண்ணாடிச் சில்லு, பொந்து, நச்சுச் செடி. மழைக்காகத் திரும்ப வேண்டியதில்லை. பலத்த காற்று, இடி என்றால் மரங்களுக்குக் கீழே நிற்கவே கூடாது.

எல்லையைப் பளிச்சென்ற துணித் துண்டுகளால் குறியுங்கள். ஒரு துணியருகே நின்றால் அடுத்தது தெரிய வேண்டும். குழந்தையின் கண் உயரத்தில் கட்டவும். முதல் நாள் முழுவதையும் எல்லையைத் தொட்டு நடப்பதற்கும், விசில் கேட்டதும் ஓடிவந்து கூடும் விளையாட்டுக்கும் ஒதுக்கலாம். மூன்று முதல் ஐந்து வயதுக்காரர்கள் என்றால் நால்வருக்கு ஒரு பெரியவர் வைத்துக்கொள்ளுங்கள். குழு எவ்வளவு சிறியதானாலும் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர் குழந்தைகளோடு இருக்கலாம்.

முழுக்கை, முழுக்கால் உடை, மூடிய காலணி. கால்சட்டை முனையைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். கை கழுவத் தண்ணீரும் சோப்பும் எடுத்துப்போங்கள். சேறு படிந்த கையில் கிருமிநாசினித் திரவம் சரியாக வேலை செய்யாது. உண்ணி உள்ள பகுதியானால் திரும்பியதும் காதின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம் பார்க்க வேண்டும். கடித்திருந்தால் மெல்லிய நுனியுள்ள இடுக்கியால் உண்ணியைத் தோலுக்கு ஒட்டினாற்போல் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் தடவுவதோ சூடு வைப்பதோ வேண்டாம்.

அங்கே என்ன செய்வது

இரண்டு மணி நேரம் இருந்தால், அதில் குறைந்தது ஒரு மணி நேரம் குழந்தைகளின் சொந்த விளையாட்டுக்கு. நல்ல விளையாட்டு சூடுபிடிக்கவே அரைமணி ஆகிவிடும். இருபது நிமிடத்துக்கு ஒரு செயல் என்று அட்டவணை போட்டால் அந்தக் கட்டத்தை யாரும் எட்டுவதில்லை. பொருள்கள் கொஞ்சம் போதும்: தார்ப்பாய், மூன்று நான்கு கயிறுகள், வாளி, பூதக்கண்ணாடி. கயிறு கழுத்தில் படக்கூடாது. ஓடும் பாதைக்குக் குறுக்கே கழுத்து உயரத்தில் கட்டவும் கூடாது.

குச்சிக் குடிசை ஒன்றே எத்தனையோ கற்றுத்தரும். கிளையைத் தூக்கும்போது தோளும் இடுப்பும் உறுதியாகின்றன. முடிச்சுப் போட விரல்கள் பழகுகின்றன. 'நீ பிடி, நான் சாய்க்கிறேன்' என்று பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சரிந்து விழும்போது ஏமாற்றத்தைத் தாங்க வேண்டும், ஏன் விழுந்தது என்று யோசிக்கவும் வேண்டும். இதற்கு இரண்டு விதிகள்: கைநீளத்தைவிட நீண்ட குச்சியின் ஒரு முனை தரையில் இழுபட வேண்டும், பெரியவர் அசைத்துப் பார்க்காமல் உள்ளே யாரும் நுழையக் கூடாது.

குடிசை சரிந்ததும் ஓடிப்போய் நிமிர்த்திக் கொடுப்பதுதான் பெரியவர்கள் அதிகம் செய்யும் தவறு. அந்த ஒரு நிமிடத்தில்தான் கற்றல் நடக்கிறது, காத்திருங்கள். 'அருமை' என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'இந்தக் குச்சி கவட்டையில நிக்குது' என்று கண்டதைச் சொன்னால் குழந்தை மேலே பேசும். மரமேறுவதிலும் இதே பொறுமை தேவை: குழந்தையைக் கிளையில் தூக்கி வைக்காதீர்கள். தானே ஏறியவருக்குத்தான் இறங்கும் வழி பிடிபடும். இரு கை, இரு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் மரத்தில் இருக்கட்டும்.

கருவிகளுக்கு அவசரம் வேண்டாம். காய்த் தோல் சீவியில் தொடங்கலாம், ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர். உட்கார்ந்து, பச்சைக் குச்சியை முழங்காலுக்கு வெளிப்பக்கம் பிடித்து, உடம்பிலிருந்து விலகும் திசையில் சீவ வேண்டும். தொடைக்கு மேல் வைத்துச் சீவவே கூடாது, அங்கே பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது. குச்சி பிடித்த கைக்கு உறை. கருவி பிடித்த கைக்கு வேண்டாம், பிடி வழுக்கும். கை எட்டும் வட்டத்துக்குள் வேறு யாரும் இருக்கக்கூடாது.

குழந்தைகள் முரண்டு பிடித்தால் முதலில் பசி, ஈர உடை, சிறுநீர் ஆகிய மூன்றையும் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதற்குள்ளேயே இருக்கும். தரை மொட்டையாகிவிட்டால் கூடும் இடத்தைச் சற்றுத் தள்ளி மாற்றுங்கள். விளையாட்டுக்குக் கீழே விழுந்து கிடக்கும் குச்சி, இலை, காய்களை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

முடிந்ததும் பத்து நிமிடம் குறிப்பெழுதுங்கள். எல்லோரைப் பற்றியும் வேண்டாம், இரண்டு மூன்று குழந்தைகள் போதும். கண்டதையும் கேட்டதையும் மட்டும். அடுத்த வாரம் எதை எடுத்துப்போவது என்பதை அந்தக் குறிப்பே சொல்லும்: ஒரு குழந்தை சரிவில் காய்களை உருட்டிக்கொண்டே இருந்தால், பைக்குள் நீளவாக்கில் பிளந்த இரண்டு குழாய்த் துண்டுகளை வைத்துக்கொள்ளுங்கள்.