பழைய இலங்கைக் காசையும் பணத்தாளையும் வாசிப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

கொழும்புக் கோட்டை, சத்தாம் வீதியில் இலங்கை மத்திய வங்கி நடத்தும் பொருளாதார வரலாற்று நூதனசாலைக்குப் போகுமுன், அங்கே காணப்போகும் காசுகளையும் தாள்களையும் வாசிக்கும் முறையை வீட்டிலேயே பழகிக்கொள்வது நல்லது. ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, சிறிய மேசை விளக்கு, கிராமின் நூறில் ஒரு பங்கைக் காட்டும் தராசு, குறிப்பேடு ஆகியவை போதும்.

படி 1: துலக்காதீர்கள்.
செப்புக் காசு கைக்கு வந்ததும் புளி போட்டுத் தேய்ப்பது நம் வீடுகளில் இயல்பான பழக்கம். ஆனால் களிம்போடு சேர்ந்து எழுத்தின் விளிம்பும் தேய்ந்துபோகும், அது மீண்டும் வராது. உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: எடையையும் விட்டத்தையும் எழுதிவையுங்கள்.

படி 3: ஒளியைப் பக்கவாட்டில் விழவிட்டு, எழுத்தைத் தேடுங்கள்.
உருவத்தை மட்டும் நம்பினால் இங்கேதான் தவறு நேரும். முதலாம் இராசராச சோழனின் செப்புக் காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் இருக்கும். பிற்காலத்தில் பொலன்னறுவை மன்னர்களும் அதே அமைப்பையே பின்பற்றினார்கள் என்பதால், அமர்ந்த உருவத்தின் அருகே, வடமொழி எழுதப் பயன்படும் நாகரி எழுத்தில் உள்ள பெயரை வாசித்தால்தான் அது இராசராசனுடையதா, பராக்கிரமபாகுவினுடையதா, மூன்று முறை அரியணை ஏறிய லீலாவதி அரசியினுடையதா என்று தெரியும். நாகரி தெரியாதவர்கள் இந்த மூன்று பெயர்களின் நாகரி வடிவத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடலாம். யாழ்ப்பாண இராச்சியத்தின் ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசில், படுத்திருக்கும் நந்தியின் கீழே 'சேது' என்று தமிழிலேயே பொறித்திருக்கும். அந்த இரண்டு எழுத்துகளை முதன்முதலில் தாமே கண்டுபிடித்து வாசிப்பவருக்கு வேறு ஊக்கம் தேவைப்படாது. ஆகவே தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பது சேதுக் காசைத்தான்.

படி 4: தாளில் வெளியிட்டவர் பெயரைப் பாருங்கள்.
மத்திய வங்கி 1950 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய தாள்களில் சிலோன் அரசாங்கத்தின் பெயரே இருக்கும். 1972இல் நாட்டின் பெயர் ஸ்ரீ லங்கா என்று மாறிய பின்னரும், வங்கியின் ஆங்கிலப் பெயர் 1985 வரை மாறவில்லை. எனவே 'சிலோன்' என்ற சொல்லை மட்டும் வைத்துத் தாளின் காலத்தைக் கணிக்காமல், அச்சிட்ட திகதியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: தாளை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள்.
கிழிந்திருந்தால் ஒட்டுநாடா போடவேண்டாம். 1942இல், உலகப் போர்க் காலத்தில் வெளியான 5 சதத் தாள், நடுவே துளைக்கோட்டுடன், 2 சதமும் 3 சதமுமாகப் பிரித்துச் செலவழிக்கும்படி அச்சிடப்பட்டது. இரு பகுதிகளும் பிரியாமல் ஒன்றாகவே உங்களுக்குக் கிடைத்தால், அந்தக் கோட்டில் மடிக்காமல் தட்டையாகவே வையுங்கள்.