இடைநிற்றலைத் தடுக்கும் மென்பொருள்: கல்லூரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் வகுப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, மூன்று வாரமாக முதல் ஹவருக்கு மட்டும் வரவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிடக்கூடியவர்களை முன்கூட்டியே காட்டும் புது மென்பொருளை, கல்லூரியில் அந்த வருடம்தான் போட்டிருந்தார்கள். முதல் ஹவர் பாடத்தில் வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் திரையில் அவள் பெயர் சிவப்பானது. கூடவே அவள் அப்பாவின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியும் தானாகப் போய்விட்டது. மறுநாள் காலையே அவர் டி.சி. வாங்க வந்து நின்றார். "காலேஜுக்குன்னு கிளம்பிட்டு எங்க போறாளோ தெரியலைங்க சார். படிச்ச வரைக்கும் போதும்" என்றார். அவளைக் கூப்பிட்டுக் கேட்டால், ஊருக்கு வந்துகொண்டிருந்த ஏழு மணி டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். அடுத்த பஸ்ஸில் வந்தால் இரண்டாவது ஹவருக்குத்தான் வகுப்புக்குள் நுழைய முடியும். பயத்தில் வீட்டில் சொல்லவில்லை. அவரைச் சமாதானம் செய்து அனுப்ப இரண்டு மணி நேரம் ஆனது.

மென்பொருள் சொன்னது சரிதான். அந்தப் பெண்ணின் படிப்பு ஆபத்தில்தான் இருந்தது. ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால் வீட்டுக்குச் சொன்னோம். இப்படித் தானாகப் போகும் குறுஞ்செய்தியைத்தான் முதலில் நிறுத்தச் சொல்வேன். முதல் தகவல், வகுப்பைக் கவனிக்கும் பொறுப்பாசிரியரான டியூட்டருக்குப் போகட்டும். அவர் மாணவரிடம் பேசட்டும். வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா, சொன்னால் எப்படிச் சொல்வது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்த ஒரு படியைத் தாண்டிப் போனால், படிப்பைக் காப்பாற்ற வாங்கிய மென்பொருளே படிப்பை நிறுத்திவிடும்.

இதைவிடப் பரவலான தவறு, மென்பொருளுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு ஆளுக்கு ஒதுக்காமல் விடுவது. இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் அட்லாண்டாவில் இருக்கும் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தை. 2012இல் அங்கே தொடங்கிய கண்காணிப்பு முறை, பழைய மாணவர்களின் பத்தாண்டு மதிப்பெண்களை அலசி, சுமார் 800 எச்சரிக்கைக் குறிகளைக் கண்டெடுத்தது. நர்சிங் படிப்பவர் பட்டம் வாங்குவாரா என்பதை முதலாண்டுக் கணிதப் பாடத்தின் மதிப்பெண்ணே பெரிதும் காட்டிக்கொடுக்கிறது என்பது அப்படித் தெரியவந்த ஒன்று. நம் ஊரில் மென்பொருள் விற்க வருகிறவர்கள் இதுவரைக்கும் சொல்வார்கள். அதே நேரத்தில் அந்தப் பல்கலைக்கழகம் 42 ஆலோசகர்களைப் புதிதாக வேலைக்கு எடுத்ததைச் சொல்ல மாட்டார்கள். கட்டணத்தில் சிறு பாக்கி நிற்பதால் பெயர் நீக்கப்படும் நிலையில் இருந்தவர்களுக்கு, அவர்கள் விண்ணப்பிக்காமலேயே பல்கலைக்கழகம் அந்தப் பாக்கியைக் கட்டியது. அந்த உதவி பெரும்பாலும் ஆயிரம் டாலருக்குள்தான். பலரைப் படிப்பில் நிறுத்தி வைத்தது அந்தச் சின்னத் தொகை.

இங்கே ஒரு டியூட்டருக்கு வாரத்துக்குப் பதினாறு ஹவர் வகுப்பு, அதற்கு மேல் தேர்வு வேலை, அதற்கும் மேல் கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் (NAAC) கோப்புகள். அவர் திரையில் முப்பது சிவப்புப் பெயரைக் காட்டினால் என்ன செய்வார்? 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று முப்பதுக்கும் ஒரே வரியை ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? இரண்டு ஹவரைக் குறைத்து, பத்துப் பெயரை மட்டும் கொடுத்துப் பாருங்கள். முதல்வரின் கையில் ஒரு சிறு அவசர நிதியும் இருக்கட்டும். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கிற பையனுக்கு எத்தனை ஆலோசனை சொன்னாலும் ஹால் டிக்கெட் வராது.

அடுத்தது, காலம் கடந்த தகவல். வருகையைத் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் மொத்தமாக ஏற்றுகிற பழக்கம் பல துறைகளில் உண்டு. அப்படி ஏற்றினால் மாணவர் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எச்சரிக்கை வரும். அன்றன்று ஏற்ற முடியாது என்றால் இந்த மென்பொருளை வாங்கவே வேண்டாம்.

எந்தெந்த விவரத்தைக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதில் இன்னும் கவனம் வேண்டும். 2021இல் தி மார்க்கப் என்ற செய்தி நிறுவனம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில தங்கள் கணிப்பு மென்பொருளில் மாணவரின் இனத்தையும் ஓர் அளவுகோலாக வைத்திருந்ததை வெளிக்கொண்டுவந்தது. சில இடங்களில் கறுப்பின மாணவர்களை, வெள்ளையரைப் போல நான்கு மடங்கு வரை 'அதிக ஆபத்து' பட்டியலில் அந்த மென்பொருள் சேர்த்திருந்தது. அந்தப் பட்டியலைப் பார்க்கும் ஆலோசகர், "உனக்கு இந்தப் படிப்பு கஷ்டம், சுலபமான வேறு பாடத்துக்கு மாறிவிடு" என்று சொல்லிவிடுவாரோ என்ற அச்சம் எழுந்தது. நம் அட்மிஷன் படிவத்தில் சாதிப் பிரிவு இருக்கிறது, முதல் பட்டதாரியா என்ற கேள்வி இருக்கிறது, தமிழ் வழியா என்பதும் இருக்கிறது. உதவித்தொகைக்கு இவை அவசியம். கணிப்புக்குள் நுழைத்தால், கல்லூரியில் காலடி வைத்த அன்றைக்கே, ஒரு தேர்வுகூட எழுதாத பிள்ளை சிவப்பாகிவிடும். வருகை, இன்டர்னல் மதிப்பெண், அரியர், கட்டண பாக்கி, இந்த நான்கே போதும் என்பது என் அனுபவம்.

பலன் கிடைத்ததா என்று கணக்கிடுவதிலும் சறுக்கல் உண்டு. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் இருந்த கோர்ஸ் சிக்னல்ஸ், மாணவருக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு காட்டிய முறை. அது இருந்த பாடங்களில் இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் படிப்பை விடுவது மிகக் குறைவு என்று பெரிதாகப் பேசப்பட்டது. 2013இல், கல்வித் தொழில்நுட்பம் பற்றி எழுதிவந்த மைக் கால்ஃபீல்டு போன்றவர்கள் அதைக் கிளறிப் பார்த்தார்கள். கல்லூரியில் தொடர்ந்து இருப்பவர்தானே இரண்டாவது, மூன்றாவது பாடத்தையும் எடுக்க முடியும்? முதல் பருவத்திலேயே விட்டுப் போனவர் அந்தக் கணக்கில் வரவே வழியில்லை. எடுக்கும் பாடத்துக்கு ஒன்றாகப் பேனா கொடுத்துவிட்டு, இரண்டு பேனா வாங்கியவர்களை எண்ணினாலும் இதே 'வெற்றி' கிடைக்கும். ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களை முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

கடைசியாக, பட்டியலையே ஆயுதமாக்கும் தவறு. மேரிலாந்தின் மவுண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். சிரமப்படக்கூடியவர்களை அதை வைத்துக் கண்டுபிடித்து, அரசுக்குத் தலைக்கணக்கு அனுப்பும் தேதிக்குள் இருபது, இருபத்தைந்து பேரை வெளியே அனுப்பிவிட்டால் தக்கவைப்பு விகிதம் (படிப்பைத் தொடர்பவர்களின் சதவீதம்) தானாக ஏறும் என்பது தலைவர் சைமன் நியூமனின் திட்டம். ஆசிரியர்கள் தயங்கியதால் அது நடக்கவில்லை. 2016 ஜனவரியில் மாணவர் பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது, அடுத்த மாதம் அவர் பதவி விலகினார்.

நூறு சதவீதத் தேர்ச்சிக்காக ஒன்பதாம் வகுப்போடு பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளிகளைப் பார்த்தவர்கள் நாம். அதனால் மென்பொருளை நிறுவும் முன்பே இதை எழுதிக் கையெழுத்திட்டுவிடுங்கள்: இந்தப் பட்டியல் டியூட்டர், துறைத்தலைவர், ஆலோசகர் மூவரைத் தாண்டிப் போகாது. அட்மிஷன், பிளேஸ்மென்ட், ஒழுங்கு நடவடிக்கை எதற்கும் இதை எடுக்கக் கூடாது. பருவம் முடிந்ததும் சிவப்புக் குறிகளை அழித்துவிட வேண்டும். மாணவர் கேட்டால் தன் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம்.

அந்த மாணவியின் பெயருக்கு எதிரே, 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்பதை அழித்துவிட்டு நான் எழுதியது: 'ஏழு மணி பஸ் இல்லை. முதல் ஹவர் பாடம் மதியத்துக்கு மாற்றப்பட்டது.'